கிளட்ச் மட்டும் அவருடையது

ஐம்பத்தோராவது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கண்ணாடிக்கடைக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். இனி மாதத்தில் ஒரு நாளாவது தனியாக ஒரு வண்டியில் போவது. பக்கத்தில் ஆளில்லாமல். பின்னால் ஆளில்லாமல். முக்கியமாக, "மாப்பிள்ளை, அந்தக் கடையோரமா கொஞ்சம் நிறுத்துங்க" என்று சொல்ல ஆளில்லாமல்.

முடிவெடுத்தபோது அவர் ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டியை அந்தக் கடையோரமாக நிறுத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாமியார். நடுவில் மனைவியும் அவள் அக்காளும். கடைசி வரிசையில் சகலை, படுத்தவாக்கில். இருபத்து மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான். வண்டி மூன்று முறை மாறிவிட்டது. சகலை படுக்கும் வாக்கு மாறவில்லை.

போவதற்கு ஓர் இடமும் இருந்தது. அவரோடு படித்த பல் டாக்டரும் இன்னும் நாலு பேரும் மாதத்தின் முதல் சனிக்கிழமை விடியற்காலையில் பெட்ரோல் பங்கில் கூடி, ஆறு மணிக்கு ஆளுக்கொரு காரில் மலைப்பாதையில் ஏறி, உச்சியில் நின்று காபி குடித்துவிட்டு இறங்குவார்கள். அதற்கு இரண்டு விதிகள். ஒன்று, கியர் போட்டு ஓட்டும் கார்தான் வர வேண்டும். ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறவன் லிஃப்டில் மலையேறுகிறவன் என்பது பல் டாக்டரின் கட்சி. இரண்டாவது விதி, மனைவிமார் கூடாது. அதை எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதினால் அவர்களில் யாராவது படித்துவிடுவார்கள்.

கார் தானாகவே வந்து சேர்ந்தது. கடைக்குக் கண் பார்க்க வந்த ஒரு கட்டட இன்ஜினியர், லென்ஸ் சட்டத்தை மூக்கில் மாட்டிக்கொண்டே புலம்பினார்.

"இரட்டைக் குழந்தை சார். என் கார்ல ரெண்டே சீட்டு. ஒண்ணு எனக்கு. மிச்சம் ஒண்ணுல யாரை ஏத்துறது, யாரை விடுறது?"

"என்ன கார்?"

இன்ஜினியர் வாசலைக் காட்டினார். ஈரச் செங்கல் நிறத்தில் தரையோடு தரையாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார். சும்மா நிற்கும்போதே யார் மீதோ பாயப்போவது போல் இருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் அன்று அந்த இன்ஜினியருக்குக் கண்ணை ஒழுங்காகப் பார்த்தாரா என்பது சந்தேகம்தான்.

மனைவியிடம் சொல்வதற்கு வழி யோசித்தார். அவள் வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டு, கோட்டுக்குக் கை சுருக்குவது, பேன்ட்டுக்கு இடுப்பு பிரிப்பது, ஓட்டல்களுக்குத் திரைச்சீலை அடிப்பது என்று எப்போதும் ஊசிமுனையிலேயே இருப்பவள். சுற்றி வளைத்துப் பேசினால் நூல் பிடித்து வந்துவிடுவாள். நேராகவே சொன்னார்.

"ரெண்டே ரெண்டு சீட்டு. வேற யாரும் ஏறவே முடியாது. நீ, நான். அவ்வளவுதான்."

மெஷின் நின்றது. "அம்மா?"

"இடமில்லை."

"அக்கா?"

"இடமில்லை."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நல்லாத்தான் இருக்கு," என்றாள். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. இவ்வளவுதானா என்று அவருக்கே ஏமாற்றமாக இருந்தது.

மறுநாள் இன்ஜினியர் விற்ற காரைக் கொண்டுவந்து வாசலுக்குள் விட்டு, அதன் முதுகைத் தடவிக்கொடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். அதற்குப் பிறகுதான் கண்ணாடிக்கடைக்காரர் தன் வாழ்நாளில் கிளட்ச் என்ற ஒன்றை மிதித்ததே இல்லை என்பதை நிதானமாக யோசித்துப் பார்த்தார். இதுவரை ஓட்டிய பெரிய வண்டிகள் அத்தனையும் ஆட்டோமேட்டிக். முதல் சனிக்கிழமைக்கு ஐந்து வாரம் இருந்தது. பல் டாக்டரிடம் வருகிறேன் என்று சொல்லியாகிவிட்டது. "கியர் போடத் தெரியுமாடா உனக்கு?" என்று அவன் கேட்டதற்கு, "பிறவியிலேயே தெரியும்" என்று வேறு சொல்லிவிட்டார்.

கடையில் ஆள் இல்லாதபோது மேஜைக்கடியில் இடது காலை அழுத்தி வலது காலைத் தூக்கிப் பழகினார். ஒரு கிழவி, "காலுக்கு என்ன தம்பி, இழுக்குதா?" என்று விசாரித்தாள். வீட்டில் மூன்று செருப்பை வரிசையாக வைத்து, ஜாடியில் செருகிய கரண்டியைக் கியராக்கி மிதித்துக்கொண்டிருந்தார். சாப்பிடும்போதும் கால் நிற்கவில்லை.

"ஏங்க."

"என்ன?"

"என் கால் கிளட்ச் இல்ல."

இது ஆகாது என்று டிரைவிங் மாஸ்டரை வரவழைத்தார். மாஸ்டர் காரை ஒரு சுற்று சுற்றினார். குனிந்து இடதுபக்கக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என் பக்கம் பிரேக் எங்க சார்?"

"இல்ல."

"கிளட்ச்?"

"அதுவும் இல்ல."

"அப்ப நான் உள்ள எதுக்கு?"

"வாயால சொல்லிக் குடுங்க."

"வாயால சொல்லிக் குடுத்து இந்தத் தொழில்ல யாரும் பிழைச்சதில்ல சார். மிதிச்சுத்தான் பிழைச்சிருக்கோம்." மாஸ்டர் கதவை மரியாதையாகச் சாத்தினார். "எத்தனை குதிரைசக்தி?"

"முந்நூத்திச் சொச்சம்."

"எனக்குப் பொண்ணு காலேஜ் போகுது சார்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சன்னலில் மனைவி நின்றிருந்தாள். கழுத்தில் அளவு நாடா.

"நான் வேணா பக்கத்துல உட்காரட்டுமா?"

"உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. சும்மா துணைக்கு."

அவர் யோசித்தார். காரைப் பற்றி அவளுக்குத் தெரியும். சனிக்கிழமையைப் பற்றித்தான் தெரியாது. "வாயே திறக்கக் கூடாது."

"திறக்க மாட்டேன்."

"ஐயோ, பாத்து, மெதுவான்னு ஒரு வார்த்தை வரக் கூடாது."

"வராது."

இருபத்து மூன்று வருஷத்தில் அவளிடம் அவர் இவ்வளவு சுலபமாக வாங்கிய வாக்கு வேறில்லை. அங்கேயே அவருக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

முதல் நாள் முந்நூறு குதிரையும் ஒரே சமயத்தில் கிளம்பி ஒரே சமயத்தில் நின்றன. இரண்டு பேருடைய தலையும் முன்னால் போய்ப் பின்னால் வந்தது. மறுபடி. மறுபடி. வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை கார் தவளை மாதிரி போயிற்று. பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரின் முகம் தெரிந்தது.

"பதினாலு தடவை ஆஃப் ஆச்சு சார்," என்றார், அவர்கள் திரும்பி வந்தபோது. "குறிச்சு வெச்சுக்கிறேன். நாளைக்கு ஒப்பிட்டுப் பாக்கலாம்."

"நாளைக்கு வேற வேலை இல்லையா சார்?"

"எனக்கென்ன வேலை? ரிட்டயர்டு."

மறுநாள் பன்னிரண்டு. அதற்கடுத்த நாள் பதினேழு. வாத்தியார் வருத்தத்துடன் தலையசைத்தார். அது இரும்புக் கதவு மாதிரியான கிளட்ச். இரவில் அவருக்குத் தொடை விண்விண்ணென்று தெறித்தது. மனைவி பேசாமல் வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து வைத்தாள். சொன்ன சொல் தவறவில்லை. காருக்கு வெளியேகூடப் பேசவில்லை.

சிக்கல் இதுதான். காலைக் கவனித்தால் கை மறந்துபோயிற்று. கையைக் கவனித்தால் கால் மேலே வந்துவிட்டது. இரண்டையும் கவனித்தால் சாலை எங்கோ போயிற்று. இருட்டறையில் நாற்காலியில் உட்கார்ந்து லென்ஸ் மாற்றும் தொழிலில் காலுக்கு வேலையே கிடையாது. கால் என்பது கடைக்கு வந்து போக மட்டும்.

நாலாம் நாள், மூடிக்கிடந்த மரக்கிடங்கின் பின்னால் இருந்த சிமென்ட் மைதானத்தில், அவர் கிளட்சை மிதித்துவிட்டுக் கியர்த் தண்டைக் கண்ணால் தேடினார். தண்டு ஏற்கெனவே இரண்டில் இருந்தது. அதன் மேல் ஒரு கை இருந்தது. வளையல் போட்ட கை. கார் வழுக்கிக்கொண்டு போயிற்று, குலுக்கலே இல்லை. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி மிதித்தார். "மூணு," என்றார், சோதித்துப் பார்ப்பவர் போல.

மூன்று விழுந்தது.

அன்று அவர்கள் மைதானத்தை ஒன்பது முறை சுற்றினார்கள். அவர் காலால் மிதித்து எண்ணைச் சொல்வார். அவள் கையால் போடுவாள். அவருக்கு அது இயல்பாகவே வந்தது. இருபத்தைந்து வருஷமாக இருட்டில் உட்கார்ந்து, "ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா?" என்று எண்ணைச் சொல்லிவிட்டு எதிராளிக்காகக் காத்திருந்தே பழகிய மனிதர். அவளுக்கும் புதிதில்லை. கால் தணியும் நொடியில் கை துணியைத் திருப்ப வேண்டும் என்பதுதானே தையல். மோட்டாரின் சத்தத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டாம் வாரக் கடைசியில் அவர் "நா" என்பதற்குள் நாலு விழுந்திருந்தது.

வாத்தியார் மதிலுக்கு மேலே காத்திருந்து ஏமாந்தார். "சைபர்," என்றார், நம்ப முடியாமல். "எப்படி சார்?"

"பயிற்சி," என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

சுற்றுச்சாலையில் போனார்கள். காற்று பாடிற்று. லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓட்டுவது தான்தான் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. ஸ்டியரிங் தன் கையில். பிரேக், கிளட்ச், ஆக்ஸிலரேட்டர் எல்லாம் தன் காலடியில். சைக்கிள் பழகும்போது பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்வதில்லையா? அதைப் போல ஒரு கை. அவ்வளவுதான். எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடலாம்.

மூன்றாம் வாரம் ஒரு புதன்கிழமை அதைச் செய்துபார்த்தார்.

"இன்னிக்கு நானே போடுறேன். நீ கையை எடு."

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் கிளட்சை மிதித்தார். தண்டைப் பார்த்தார். அதன் தலையில் ஒரு சின்னத் துணி உறை தைத்துப் போட்டிருந்தாள். எப்போது தைத்தாள்? நல்ல தையல், ஓரம் மடித்து... கார் இடதுபக்கமாக மெத்தைகள் ஏற்றிய ஒரு தள்ளுவண்டியை நோக்கி ஆசையாகப் போய்க்கொண்டிருந்தது.

"ரோட்டைப் பாருங்க!"

கை வந்தது. இரண்டு விழுந்தது. மெத்தைக்காரன் எதையோ சொன்னான். நல்லவேளை, கண்ணாடி ஏற்றியிருந்தது.

"பேச மாட்டேன்னு சொன்னே," என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டு.

"இது பேச்சு இல்ல. உயிர்."

சரி, கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். கடைசி வாரம் அவளுக்கு ஓட்டல்காரர்கள் அறுபது சன்னலுக்குத் திரைச்சீலை கேட்டார்கள். தலை நிமிர நேரமில்லை என்றாள். அவர் மட்டும் தினமும் காருக்குள் போய் உட்கார்ந்து, இன்ஜினைப் போடாமல், ஒன்றிலிருந்து ஆறுவரை போட்டு ஆறிலிருந்து ஒன்றுவரை இறங்கினார். கண்ணை மூடிக்கொண்டும் வந்தது. நிற்கிற வண்டியில் அவர் ஒரு மேதை.

வெள்ளிக்கிழமை இரவு சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"நாளைக்கு வெள்ளன போகணும். கண் பரிசோதனை முகாம்."

"எங்க?"

"மலை மேல."

"மலை மேல யாருக்குக் கண்ணு தெரியல?"

"அங்க இருக்கிறவங்களுக்குத்தான்."

"எந்த வண்டியில?"

"சின்னதுல."

"லென்ஸ் பெட்டி, எழுத்துப் பலகை, ஸ்டாண்டு எல்லாம்?"

"பக்கத்து சீட்டு காலியாத்தானே இருக்கு."

அவள் அவரைப் பார்க்காமல் தட்டில் கொஞ்சம் கூடுதலாகப் பரிமாறினாள். "அஞ்சு மணிக்கு எழுப்பி விடவா?" என்றாள்.

"வேணாம், வேணாம். நீ தூங்கு. பாவம், அறுபது சன்னல்."

காலை ஐந்தேகாலுக்கு ஓசைப்படாமல் எழுந்து, ஓசைப்படாமல் சட்டை மாட்டி, ஓசைப்படாமல் படியிறங்கினார். கார் மட்டும் அந்த ஏற்பாட்டுக்கு ஒத்துழைக்கவில்லை. சாவியைத் திருப்பியதும் தெருவையே எழுப்பியது. பக்கத்து சீட்டைப் பார்த்தார். காலி. மனம் நிறைந்தது. எதிர்வீட்டுக் கூரைக்கு மேலே வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. கிளட்சை அழுத்தமாக மிதித்தார்.

"ஒண்ணு," என்றார்.

காத்திருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. தனக்குள் சிரித்துக்கொண்டே தானே ஒன்றைப் போட்டார். கார் ஒரு துள்ளுத் துள்ளி வாசலைத் தாண்டி நின்றது. மறுபடி கிளப்பினார். இன்னொரு துள்ளல். இப்போது தெருவுக்குக் குறுக்கே நின்றது. தலை எதிர்வீட்டு மதிலில், வால் தன் வீட்டு வாசலில். பின்னால் வர வேண்டும். ரிவர்ஸ் எங்கே? இத்தனை நாளும் "பின்னாடி" என்பார், அது விழுந்துவிடும். அது எந்தப் பக்கம் விழுந்தது என்று அவர் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு போட்ட ஆறில் அது சேர்த்தியில்லை.

பால் வண்டி வந்து நின்றது. ஹாரன் அடித்தது.

"சார், வண்டியை எடுங்க சார்! குழந்தைங்க பால் சார்!"

"எடுத்துட்டே இருக்கேன்பா!" பிரேக்கை விடாமல் ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார், ஒவ்வொரு முறையும் இன்ஜின் அணைந்தது.

மதிலுக்கு மேலே வாத்தியார் தோன்றினார். வாயில் பிரஷ் இருந்ததால் பேச முடியவில்லை. ஐந்து விரலைக் காட்டினார். பிறகு ஆறு.

போன் அடித்தது. பல் டாக்டர்.

"டேய், எங்கடா இருக்கே? எல்லாரும் வந்தாச்சு. சரியா ஆறுக்குக் கிளம்பிடுவோம்."

"வந்துட்டே இருக்கேன்."

"என்னடா ஹாரன் சத்தம்?"

"டிராஃபிக்."

"காலங்காத்தால அஞ்சரைக்கா? பிறவி டிரைவருக்கே இவ்வளவு டிராஃபிக்கா? இன்னிக்கு விட்டா உனக்கு லிஃப்டுதான், சொல்லிட்டேன்."

கண்ணாடிக்கடைக்காரர் இறங்கினார். இறங்குவதும் அந்தக் காரில் லேசில்லை. பால் வண்டிக்காரனிடம் ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வீட்டுக்குள் போனார். மாடிப்படியில் ஏறும்போது கால் தானாகவே ஒவ்வொரு படியையும் கிளட்ச் மாதிரி மிதித்தது.

படுக்கையறை அரையிருட்டாக இருந்தது. அவள் கழுத்துவரை போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள்.

"ஏம்மா."

அவர் கொஞ்சம் குனிந்தார்.

"தூங்குறியா?"

"ஆமா."

"கொஞ்சம் என்கூட வரியா?"

"எங்க?"

"முகாமுக்கு."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது."

கீழே ஹாரன். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "முகாம் இல்ல," என்றார்.

"ம்."

"பல் டாக்டர். அந்தப் பசங்க. மலை. ஒரு காபி. அவ்வளவுதான்."

"அங்க பொண்டாட்டிங்க வரக் கூடாதாமே."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதை எங்கயும் எழுதவே இல்லையே!"

"பல் டாக்டர் வீட்டம்மாவுக்கு ரெண்டு மாசம் முன்ன கோட்டுக் கை சுருக்கிக் குடுத்தேன். நின்ன நிலையில முக்கால் மணி நேரம் பேசினாங்க. பேசுறப்ப குண்டூசி குத்தாம இருக்கறதே பெரும்பாடு."

ரெண்டு மாசம். கார் வந்தே ஐந்து வாரம்தான் ஆகிறது. அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். வாத்தியாரைக் கூப்பிட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"அப்ப முதல்லயே தெரியுமா உனக்கு?"

"எனக்கென்ன தெரியும்? நான் சும்மா துணைக்கு உட்கார்ந்தவ."

ஹாரன் இப்போது விடாமல் அடித்தது. "சார்! பால் திரிஞ்சுடும் சார்!"

"கொஞ்சம் வாயேன்," என்றார் அவர். "இன்னிக்கு ஒரு நாள்."

"வேணாங்க. உங்களுக்குத் தலைகுனிவு. நான் வந்தா அவங்க என்ன நினைப்பாங்க?"

"என்ன வேணா நினைச்சுட்டுப் போறாங்க."

"யாராவது கேட்டா, நானா வரல, நீங்கதான் கெஞ்சிக் கூப்பிட்டீங்கன்னு சொல்லணும்."

"சொல்றேன்."

"கெஞ்சிங்கற வார்த்தையோட."

"...வார்த்தையோட."

"இது ஒரு நாளோட முடியாது. பாதி பழகிட்டு விடக் கூடாது. மாசாமாசம் என்னைக் கூட்டிட்டுப் போகணும்."

அவர் சன்னல் பக்கம் பார்த்தார். தெருவின் குறுக்கே அவருடைய சுதந்திரம் செங்கல் நிறத்தில் நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இப்போது இரண்டு வண்டிகள்.

"மாசாமாசம்," என்றார்.

"ஞாயித்துக்கிழமை பெரிய வண்டி?"

"ஓட்டுறேன்."

"முகத்தைச் சுளிக்காம?"

"சுளிக்காம. அத்தை எங்க நிறுத்தச் சொல்றாங்களோ அங்க நிறுத்துறேன். தயவுசெஞ்சு எழுந்திரு. எவ்வளவு நேரமாகும் உனக்குக் கிளம்ப? முகம் கழுவணும், தலை வாரணும், உடுத்தணும்... ஆறு மணிக்குள்ள நடக்குமா?"

அவள் போர்வையை விலக்கிக்கொண்டு எழுந்தாள். தலை வாரியிருந்தது. மலைக்குளிருக்கான கோட்டில் பித்தான்கள் கழுத்துவரை போட்டிருந்தன. கட்டிலை விட்டு இறங்கி நின்றபோதுதான் பார்த்தார்: ஷூ லேசையும் இரட்டை முடிச்சாகப் போட்டிருந்தாள்.